சிலிகோன் எமல்ஷன் செயல்முறைக்குக் காப்புரிமை: ஆய்வகத்திலேயே செய்து முடிக்க வேண்டிய வேலைகள்

“இப்படி ஒரு முறையில் செய்து பார்த்தோம், எமல்ஷன் நன்றாக வந்திருக்கிறது, காப்புரிமை கிடைக்குமா?” சிலிகோன் வேதியியலாளர்கள் என்னிடம் கொண்டுவரும் குறிப்புகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வரும். நான் முதலில் எமல்ஷன் ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டுப் பிறகு காப்புரிமை விண்ணப்பம் எழுத வந்தவன். அதனால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் புதிதாகச் சேர்த்த அந்த ஒரு படியைச் செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதற்கு அளந்து எடுத்த எண்ணோடு பதில் இருந்தால் மேலே பேசலாம். இல்லாவிட்டால் விண்ணப்பம் எழுத உட்காருவதற்கு முன் இன்னும் சில பேட்ச்கள் போட வேண்டியிருக்கும். எந்த பேட்ச்கள், எதற்கு என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிலிகோன் எமல்ஷன், அதாவது சிலிகோன் பாலிமரை நுண்துளிகளாகத் தண்ணீரில் பரவவிட்ட கலவை, 1950-களிலிருந்தே எழுதப்பட்டுவரும் துறை. உங்கள் செயல்முறை எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் தெளிவாகுங்கள். உங்கள் முறை புதிதல்ல என்று எதிரில் நிற்கப்போகும் பழைய ஆவணங்கள் அதைப் பொறுத்து மாறும்.

ஏற்கெனவே தயாரான பாலிமரை எடுத்து, துளிகள் பிரியாமல் பிடித்துவைக்கும் சர்ஃபாக்டன்ட் சேர்த்து, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கெட்டியான நிலையில் அடித்து, பிறகு நீர்த்துப்போகச் செய்வது ஒரு வகை. துளிகளைப் பொடியாக்கும் ஹோமோஜனைசர், கொலாய்டு மில் போன்ற கருவிகள் எல்லாம் இதில் வரும். இரண்டாவது வகையில் பாலிமர் துளிக்குள்ளேயே வளரும். டி4 என்று நாம் சொல்லும் ஆக்டாமெத்தில்சைக்ளோடெட்ராசிலாக்சேனை எமல்ஷனாக்கி வளையத்தை உடைத்துப் பாலிமராக்கலாம். அல்லது சிலனால் (சிலிக்கானோடு ஒட்டிய ஓஎச்) முனை கொண்ட குட்டைச் சங்கிலிகளை, தண்ணீரை வெளியேற்றி ஒன்றோடொன்று இணைக்கும் கண்டென்சேஷன் மூலம் நீட்டலாம். ஹைட், வெர்லி இருவரும் 1959-இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை எண் 2,891,920 வலுவான அமிலம் அல்லது காரத்தை வைத்து இதைச் சொல்லிவிட்டது. 1966-இல் ஃபிண்ட்லே, வெயன்பெர்க் பெற்ற 3,294,725, டோடெசைல்பென்சீன் சல்ஃபோனிக் அமிலம் போன்ற ஒரே பொருள் வினையூக்கியாகவும் சர்ஃபாக்டன்ட்டாகவும் வேலை செய்யும் என்று காட்டியது. மூன்றாவது வகை, வினைல் முனையும் சிலிக்கான்-ஹைட்ரஜன் முனையும் கொண்ட சிலாக்சேன்களைப் பிளாட்டினம் வினையூக்கியால் இணைத்து எமல்ஷனிலேயே சங்கிலியை நீட்டுவது. டாலே முதலானோர் 2000-இல் பெற்ற 6,013,682 இந்தக் கூட்டத்தில் முக்கியமானது.

இந்த மூன்று ஆவணங்களையும் முழுசாகப் படியுங்கள். சுருக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். எடுத்துக்காட்டுகளில் இருக்கும் வெப்பநிலை, நேரம், சேர்த்த வரிசை, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும் எக்ஸாமினர் படிப்பதும் அந்த எடுத்துக்காட்டுகளைத்தான்.

தேடும்போது வார்த்தைகளை மட்டும் நம்பினால் பாதி ஆவணங்கள் கைநழுவிப் போகும். ஒரே பொருளை ஒருவர் டைமெத்திகோன் என்பார், ஒருவர் ஆர்கனோபாலிசிலாக்சேன் என்பார், இன்னொருவர் சிலிகோன் ஆயில் என்று விட்டுவிடுவார். சர்வதேச வகைப்பாட்டுக் குறியீடுகளை வைத்துத் தேடுங்கள். பாலிசிலாக்சேன் தயாரிப்பு முறைகளுக்கு சி08ஜி 77/06, வினையூக்கி விஷயத்துக்கு சி08ஜி 77/08, பாலிமரை நீரில் பரவலாக்குவதற்கு சி08ஜே 3/03, பாலிசிலாக்சேன் கலவைகளுக்கு சி08எல் 83/04. அப்புறம், பயன்பாட்டுப் பக்கமும் போய்ப் பாருங்கள்: அழகுப் பொருள்களுக்கு ஏ61கே 8/891, துணி மெருகூட்டலுக்கு டி06எம் 15/643. எமல்ஷன் செயல்முறை ஒன்று ஷாம்பு காப்புரிமையின் ஏழாவது எடுத்துக்காட்டுக்குள் ஒளிந்திருப்பது இந்தத் துறையில் சகஜம். எஸ்பாசெனெட், பேட்டன்ட்ஸ்கோப் என்ற காப்புரிமைத் தேடல் தளங்கள் இரண்டும் இலவசம். ஜப்பானிய நிறுவனங்கள் சிலிகோனில் நிறைய எழுதியிருப்பதால் அந்த நாட்டுத் தேடல் தளமான ஜே-பிளாட்பாட்டையும் விடாதீர்கள்.

புதுமை: எளிதாகத் தாண்டலாம், எளிதாக இழக்கவும் செய்யலாம்

உங்கள் க்ளெய்மில், அதாவது எதற்குப் பாதுகாப்பு கேட்கிறீர்கள் என்று சொல்லும் வாசகத்தில், உள்ள எல்லா அம்சங்களும் ஒரே ஆவணத்தில் சேர்ந்து இருந்தால்தான் புதுமை போகும். செயல்முறைக்கு இந்தத் தடை பெரும்பாலும் பெரிதாக இருப்பதில்லை, எங்காவது ஒரு வெப்பநிலையோ வரிசையோ மாறியிருக்கும். வரம்புகள் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. பழைய ஆவணம் “0 முதல் 100 டிகிரி” என்று சொல்லி, நீங்கள் 8 முதல் 12 என்று சொன்னால், ஐரோப்பிய அலுவலகம் இரண்டைப் பார்க்கும்: உங்கள் வரம்பு பழையதை ஒப்பிடக் குறுகலாக இருக்கிறதா, பழைய ஆவணத்தின் எடுத்துக்காட்டுகளிலிருந்து போதுமான தூரத்தில் இருக்கிறதா. இரண்டுக்கும் ஆம் என்றால் புதுமை நிற்கும்.

புதுமையை இழப்பது பெரும்பாலும் நம் கையாலேயே நடக்கிறது. மாநாட்டுப் போஸ்டர், வாடிக்கையாளருக்கு ரகசிய ஒப்பந்தம் இல்லாமல் அனுப்பிய தொழில்நுட்பக் குறிப்பு, ஆய்வேடு, எல்லாமே வெளியீடுதான். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஓராண்டுச் சலுகைக் காலம் உண்டு. ஐரோப்பாவில் மிக அரிதான விதிவிலக்குகளைத் தவிர அது கிடையாது. இந்தியாவில் குறிப்பிட்ட சூழ்நிலைகளுக்கு மட்டும் உண்டு. எல்லா நாட்டுக்கும் சேர்த்து யோசித்தால் விதி எளிது: முதலில் விண்ணப்பம், பிறகு பேச்சு.

விற்பனை இன்னும் நுட்பமானது. “செயல்முறையை யாருக்கும் சொல்லவில்லையே, பொருளைத்தானே விற்றோம்” என்று பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் செலனீஸ் வழக்கில் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் சொன்னதைக் கேளுங்கள்: ரகசியமாக வைத்திருந்த செயல்முறையால் செய்த பொருளை, விண்ணப்பத்துக்கு ஓராண்டுக்கு மேல் முன்பே விற்றிருந்தால், அந்தச் செயல்முறைக்குக் காப்புரிமை கிடையாது. அந்த வழக்கு ஒரு செயற்கை இனிப்பைப் பற்றியது. எமல்ஷனுக்கும் அதே கதிதான். ஆகவே உங்கள் விற்பனைப் பிரிவிடம் முதல் டிரம் எந்தத் தேதியில் போனது என்று கேளுங்கள். ஆய்வகத்தில் இருப்பவருக்கு அந்தத் தேதி பெரும்பாலும் தெரியாது.

உண்மையான தடை: வெளிப்படையானதா, அதாவது துறை வல்லுநருக்கு எளிதில் தோன்றிவிடக்கூடியதா?

செயல்முறை விண்ணப்பங்கள் அதிகம் விழுவது இங்கேதான், அதனால் இதில் நின்று பேசுகிறேன்.

1955-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்த்த ஆலர் வழக்கை ஒவ்வொரு வேதியியலாளரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பீனால் தயாரிக்கும் செயல்முறை அது. பழைய முறை 100 டிகிரியில், 10 சதவீத அமிலத்தில் நடந்தது. ஆலர் தரப்பு 40 முதல் 80 டிகிரி, 25 முதல் 70 சதவீத அமிலம் என்று கேட்டது. விளைச்சல் கூடியிருந்தும் கிடைக்கவில்லை. பொதுவான நிலைமைகள் ஏற்கெனவே தெரிந்திருந்தால், வழக்கமான சோதனையால் சிறந்த வரம்பைக் கண்டுபிடிப்பது கண்டுபிடிப்பாகாது என்பது தீர்ப்பு. இன்றைக்கும் எக்ஸாமினர்கள் இதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ஹோமோஜனைசர் அழுத்தம் கூடினால் துகள் சிறிதாகும் என்பதும், சர்ஃபாக்டன்ட் கூடினால் துகள் சிறிதாகும் என்பதும் துறையில் எல்லோருக்கும் தெரியும். அவற்றில் நல்ல எண்ணைக் கண்டுபிடித்ததற்காக மட்டும் காப்புரிமை கேட்டால் ஆலர்தான் பதிலாக வரும்.

வெளியே வர இரண்டு வழி. அந்த வரம்புக்குள் மட்டும் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடக்கிறது என்று காட்டுவது. அல்லது, நீங்கள் மாற்றிய விஷயத்துக்கும் கிடைத்த விளைவுக்கும் தொடர்பு இருப்பதே யாருக்கும் தெரியாது என்று காட்டுவது. இரண்டுக்குமே ஒப்பீட்டுத் தரவு வேண்டும். ஐரோப்பிய முறையில் இது இன்னும் கறாராக நடக்கும்: மிக நெருங்கிய ஆவணம் எது, அதிலிருந்து என்ன வேறுபாடு, அந்த வேறுபாட்டால் என்ன தொழில்நுட்ப விளைவு, அந்த விளைவை வேண்டி ஒரு வல்லுநர் இதே மாற்றத்தைச் செய்திருப்பாரா. “செய்திருக்க முடியும்” என்பது போதாது, “செய்திருப்பார்” என்று எக்ஸாமினர் காட்ட வேண்டும்.

விளக்கத்துக்காக நானே கட்டிய ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு குழு சிலனால் முனை கொண்ட பாலிடைமெத்தில்சிலாக்சேனை, டோடெசைல்பென்சீன் சல்ஃபோனிக் அமிலத்தோடு எமல்ஷனாக்குகிறது. கண்டென்சேஷன் நடந்து பாகுத்தன்மை ஏறுகிறது. கடைசியில் டிரைஎத்தனாலமீன் என்ற அமீனை விட்டு நடுநிலையாக்கி நிறுத்துகிறார்கள். அவர்களுடைய நோக்கம் டி4 குறைவாக இருக்க வேண்டும் என்பது. காரணம் புரிகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜனவரி 31-க்குப் பிறகு, கழுவிவிடும் அழகுப் பொருள்களில் டி4-உம், அதைப் போன்ற இன்னொரு வளையச் சேர்மமான டி5-உம் தலா 0.1 சதவீதத்தை எட்டக் கூடாது. டி4-இலிருந்தே தொடங்கும் முறையில், வினை சமநிலைக்கு வந்த பிறகும் வளையச் சேர்மங்கள் 10 சதவீதத்துக்கு மேல் தங்கிவிடும். அதனால்தான் சிலனால் வழி. ஆனால் இந்த வழியிலும் அதே அமிலம் சங்கிலியின் முதுகைக் கடித்து, அதாவது சங்கிலியிலிருந்து வளையத்தை அறுத்தெடுத்து, புது டி4-ஐ உண்டாக்கிக்கொண்டே இருக்கும்.

அவர்கள் எழுதிக்கொடுத்த குறிப்பில் ஹோமோஜனைசரைப் பற்றி இரண்டு பக்கம். நடுவில் ஒரு வரி: “கொஞ்சம் அமீன் விட்டுவிட்டு இரவு முழுக்க வைத்தோம்.” நான் நிறுத்திக் கேட்பது அந்த வரியில்தான். எவ்வளவு அமீன்? அமிலத்தில் எத்தனை மோல் சதவீதத்துக்கு? எந்த வெப்பநிலையில் இரவு முழுக்க? ஏன் விட்டீர்கள்? குறைந்த வெப்பநிலையில் வைத்தால் கண்டென்சேஷன் சமநிலை நீண்ட சங்கிலிப் பக்கம் சாயும் என்பது தெரிந்த சங்கதி. அது கண்டுபிடிப்பாக நிற்காது. ஆனால் பாதி அமிலத்தை முன்கூட்டியே நடுநிலையாக்கினால் சங்கிலி வளர்ச்சி தொடர்ந்து, முதுகுக் கடி மட்டும் அடங்குகிறது என்றால் அது வேறு கதை. இப்படி ஆய்வக நோட்டில் ஓரமாக எழுதிய வரியில்தான் கண்டுபிடிப்பு உட்கார்ந்திருக்கும். உங்கள் நோட்டிலும் “வைத்தோம்”, “விட்டோம்”, “மெதுவாகச் சேர்த்தோம்” என்று வரும் இடங்களை ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

இப்போது ஒப்பீட்டு பேட்ச்கள். மிக நெருங்கிய ஆவணத்தின் எடுத்துக்காட்டை அப்படியே முதலில் செய்யுங்கள். அடுத்து, அதே மூலப்பொருள், அதே பாத்திரம், அதே துகள் அளவு வைத்து, பகுதி நடுநிலையாக்கல் ஒன்றை மட்டும் சேர்த்துச் செய்யுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் மாறியிருந்தால் விளைவு எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. ஐரோப்பிய மேல்முறையீட்டுக் குழுவின் டி 197/86 முடிவு இதையே வலியுறுத்துகிறது: விளைவு அந்த வேறுபடுத்தும் அம்சத்திலிருந்துதான் பிறந்தது என்று தெரிய வேண்டும், தேவைப்பட்டால் பழைய ஆவணத்தின் எடுத்துக்காட்டையே மாற்றி அமைத்து அந்த ஒரு அம்சத்தைத் தனிமைப்படுத்தலாம்.

அதைவிட முக்கியம், எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பது. இரண்டு பேட்ச்களிலும் 16 மணி நேரம் கழித்து டி4 அளந்து “நம்முடையதில் பாதிதான்” என்று காட்டினால், விஷயம் தெரிந்த எக்ஸாமினர் ஒரே வரியில் தள்ளிவிடுவார்: அமிலத்தைக் குறைத்தால் எல்லா வினையும் மெதுவாகும், டி4-உம் குறையும், இதில் என்ன ஆச்சரியம்? அவர் சொல்வது சரி. ஆகவே ஒரே பாகுத்தன்மையில் ஒப்பிடுங்கள். இரண்டு பேட்ச்களிலும் நேரத்துக்கு நேரம் மாதிரி எடுத்து, உள்ளே இருக்கும் பாலிமரின் பாகுத்தன்மையைக் கிடை அச்சிலும் டி4-ஐச் செங்குத்து அச்சிலும் போட்டு வரைபடம் போடுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தால் உங்களிடம் இருப்பது மெதுவான வினை மட்டும்தான். கோடுகள் பிரிந்தால், அதாவது அதே பாகுத்தன்மைக்கு உங்கள் முறையில் டி4 குறைவாக இருந்தால், கண்டுபிடிப்புக்கான வாதம் கையில் வந்துவிட்டது. இந்த ஒரு வரைபடத்துக்காக விண்ணப்பத்தை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்லவும் நான் தயங்குவதில்லை.

அளவிடும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. மாதிரி எடுத்த உடனே அமிலத்தை முழுவதும் நடுநிலையாக்குங்கள், இல்லாவிட்டால் குப்பியிலேயே வினை ஓடும். கேஸ் குரோமட்டோகிராஃபில் ஊசி போடும் இடத்தின் சூட்டில், எஞ்சிய அமிலம் பாலிமரை உடைத்து டி4-ஐ அங்கேயே உண்டாக்கிவிடும். ஊசி துளைக்கும் ரப்பர் மூடியான செப்டமும், பொருள்களைப் பிரிக்கும் குழாயான காலம் (column) என்பதும்கூட சிலாக்சேன் வளையங்களைக் கசியவிடும். மாதிரி போடாமல் வெற்று ஓட்டம் ஒன்று எடுத்துவைத்திருந்தால் நாளைக்கு எதிர்த்தரப்பு கேள்வி கேட்கும்போது பதில் இருக்கும்.

அடுத்து அகலம். டோடெசைல்பென்சீன் சல்ஃபோனிக் அமிலம் ஒன்றில் மட்டும் செய்துவிட்டு “எந்த அமில வினையூக்கியும்” என்று க்ளெய்ம் எழுதினால், விளைவு அந்த அகலம் முழுக்கக் கிடைக்கிறதா என்ற கேள்வி வரும். குறைந்தது வேறு ஒரு சல்ஃபோனிக் அமிலம், வேறு ஒரு அமீன், நடுநிலையாக்கலின் இரண்டு ஓரங்கள், ஓரத்துக்கு வெளியே ஒரு பேட்ச், இவ்வளவும் போட்டுவையுங்கள். வெளியே போட்ட பேட்ச் தோற்றுப்போனால் வருத்தப்பட வேண்டாம். உங்கள் வரம்புக்கு அதுதான் சாட்சி.

க்ளெய்மும் விவரணையும்

மேலே சொன்ன உதாரணத்துக்கு நான் எழுதும் முதல் க்ளெய்ம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: “சிலனால் முனை கொண்ட பாலிடைமெத்தில்சிலாக்சேன், சல்ஃபோனிக் அமில சர்ஃபாக்டன்ட், தண்ணீர் ஆகியவற்றை எமல்ஷனாக்குதல், அந்த அமிலத்தின் 20 முதல் 60 மோல் சதவீதத்தை அமீனால் நடுநிலையாக்குதல், அதன் பிறகு 5 முதல் 20 டிகிரி செல்சியஸில் வைத்து பாலிமரின் பாகுத்தன்மையை உயர்த்துதல், எஞ்சிய அமிலத்தை நடுநிலையாக்குதல் ஆகிய படிகளை உள்ளடக்கிய செயல்முறை.” இதில் ஹோமோஜனைசரே இல்லை என்பதைக் கவனியுங்கள். விளைவுக்குத் தேவையில்லாததை உள்ளே வைத்தால், போட்டியாளர் வேறு கலக்கியைப் பயன்படுத்தித் தப்பித்துவிடுவார். “அதன் பிறகு” என்ற சொல் வரிசையைக் கட்டிப்போடுகிறது. இங்கே கண்டுபிடிப்பே அந்த வரிசைதான் என்பதால் அது வேண்டும், மற்ற இடங்களில் வேண்டாம்.

முதல் க்ளெய்மைச் சார்ந்து அதைச் சுருக்கும் குறுகலான சார்பு க்ளெய்ம்கள் நிறைய வையுங்கள்: 30 முதல் 50 சதவீதம், குறிப்பிட்ட அமீன், குறிப்பிட்ட தொடக்கப் பாகுத்தன்மை. பின்வாங்க வேண்டியிருந்தால் நிற்க இடம் வேண்டும். விண்ணப்பத்தில் எழுதாத இடைப்பட்ட எண்ணைப் பிறகு உள்ளே கொண்டுவர ஐரோப்பா விடாது.

அளவுகளை வரையறுக்காமல் விடுவது ஆபத்து. அமெரிக்காவில் நடந்த டெவா-சாண்டோஸ் வழக்கில் “மூலக்கூறு எடை” என்ற சொல் எந்தச் சராசரி என்று தெளிவாக இல்லாததால், 2015-இல் க்ளெய்ம்கள் செல்லாமல் போயின. “சராசரித் துகள் அளவு” என்பதும் அதே ஜாதி. கன அளவுச் சராசரியா, எண்ணிக்கைச் சராசரியா, இடைநிலை மதிப்பா, லேசர் டிஃப்ராக்‌ஷனா, டைனமிக் லைட் ஸ்காட்டரிங்கா என்று எழுதுங்கள். பாகுத்தன்மை எமல்ஷனுடையதா, உள்ளே இருக்கும் பாலிமருடையதா என்றும் சொல்ல வேண்டும். பாலிமருடையது என்றால் எமல்ஷனை எந்த ஆல்கஹாலால் உடைத்தீர்கள், எப்படி உலர்த்தினீர்கள், எந்த வெப்பநிலையில், எந்த ஷியர் வேகத்தில் அளந்தீர்கள் என்பதும் வேண்டும்.

செய்யாத எடுத்துக்காட்டை இறந்த காலத்தில் எழுதக் கூடாது. “கலக்கப்பட்டது” என்றால் உண்மையில் கலக்கியிருக்க வேண்டும். அமெரிக்க அலுவலகம் இதைக் கண்டிப்பாகப் பார்க்கும்.

நாட்டுக்கு நாடு மாறுபவற்றில் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி), 3(இ) பிரிவுகள் இந்தத் துறையை நேராகத் தொடுகின்றன. தெரிந்த செயல்முறையை வெறுமனே பயன்படுத்துவது, புதிய பொருள் கிடைத்தாலோ புதிய வினைப்பொருள் ஒன்றாவது சேர்ந்தாலோ தவிர, 3(டி)-யின் கீழ் கண்டுபிடிப்பாகாது. வெறும் கலவையும், அப்படிப்பட்ட கலவையைத் தயாரிக்கும் முறையும் 3(இ)-யின் கீழ் அடிபடும். தயாரான பாலிமரை அடித்துக் கலக்கும் முதல் வகைக்கு இரண்டாவது தடை பெரிது. பாகங்களின் தனித்தனிக் குணங்களைக் கூட்டினால் வராத ஒன்று எமல்ஷனில் வந்திருக்கிறது என்று எண்ணால் காட்டுங்கள்.

காப்புரிமையா, ரகசியமா

கிடைக்குமா என்பதற்கு அடுத்து, எடுக்கலாமா என்ற கேள்வி இருக்கிறது. செயல்முறைக் காப்புரிமை, அந்தச் செயல்முறையால் நேரடியாகக் கிடைத்த பொருளுக்கும் பெரும்பாலான நாடுகளில் நீளும். ஆனால் போட்டியாளரின் டிரம்மைப் பார்த்து, அவர் உங்கள் முறையில்தான் செய்தார் என்று கண்டுபிடிக்க முடியுமா? பகுதி நடுநிலையாக்கல் பொருளில் ஒரு தடயமும் விடாது; கடைசியில் எல்லா அமிலமும் உப்பாகிவிடுகிறது. குறைந்த டி4-உம் அதிகப் பாகுத்தன்மையும் சேர்ந்து இருப்பது சந்தேகத்தைக் கிளப்பும், நிரூபிக்காது. வேறு எந்த முறையாலும் அந்த இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது என்றால் நான் விண்ணப்பிக்கச் சொல்வேன். வேறு வழிகள் இருந்து, உங்கள் ஆலைக்குள் வருபவர்கள் குறைவு என்றால் ரகசியமாக வைத்திருப்பதே மேல்.

விண்ணப்பிப்பது என்று முடிவானால் முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதம் உங்களுக்கு இருக்கிறது. அதற்குள் மற்ற நாடுகளுக்கான விண்ணப்பத்தை, கூடுதல் தரவோடு, போடலாம். புதிதாகச் சேர்த்ததற்குப் புதிய தேதிதான் கிடைக்கும் என்பதால் மைய வரைபடமும், டி4 ஏன் குறைகிறது என்ற விளக்கமும் முதல் விண்ணப்பத்திலேயே இருக்க வேண்டும். 2023-இல் ஐரோப்பிய அலுவலகத்தின் உயர்மட்ட மேல்முறையீட்டுக் குழு தந்த ஜி 2/21 முடிவின்படி, பிறகு சமர்ப்பிக்கும் சோதனை முடிவுகளை ஐரோப்பாவில் நம்பியிருக்க, அந்த விளைவு மூல விண்ணப்பத்தின் போதனைக்குள் அடங்கியதாக ஒரு வல்லுநருக்குத் தெரிய வேண்டும். மீதி 12 மாதத்தில் மற்ற அமிலங்கள், மற்ற அமீன்கள், பைலட் அளவு பேட்ச் இவற்றைச் செய்யுங்கள். ஒவ்வொரு பேட்ச்சிலும் பாகுத்தன்மையையும் டி4-ஐயும் ஒரே மாதிரியிலிருந்து அளந்து, தேதியோடு நோட்டில் ஏற்றிவையுங்கள்.